தேர்மணியும் ஒலிப்பானும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கார் என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. கருமை அதன் பொருள். கருமையால் மேகம் கார் ஆயிற்று; மேகம் பொழியும் பருவமும் கார் ஆயிற்று. முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது அதுவே. வினைமேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் பிரிவான். வானம் கறுக்கும், முல்லை அரும்பும், தலைவன் வந்திருக்க மாட்டான். வீட்டில் ஒருத்தி வாசலைப் பார்த்திருப்பாள். காட்டு வழியில் ஒரு தேர் விரைந்து வந்துகொண்டிருக்கும். நம் முல்லைப் பாட்டுகளிற் பலவும் இந்த இரண்டு இடங்களுக்கு நடுவிலேதான் நிகழ்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தின் வழியே இன்னொரு கார் வந்தது. இதற்கும் சக்கரம் உண்டு. இதுவும் தலைவனை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. தமிழறிஞர்கள் இதற்குச் சீருந்து என்றும், சிற்றுந்து என்றும், மகிழுந்து என்றும் பெயர்கள் படைத்தனர். மூன்றில் மகிழுந்து என்பதே நிலைத்தது. மகிழ்ச்சி தரும் உந்து என்பது அதன் பொருள். ஆனால் நாள்தோறும் ஓட்டுகிறவரைக் கேட்டால், பெயர் வைத்தவர் பாதியைத்தான் சொன்னார், எரிச்சல் என்னும் மறுபாதியை விட்டுவிட்டார் என்றுதான் சொல்வார். அந்த மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது, அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது, தேரைப் பாடிய புலவர்களிடம் இவ்விரண்டையும் பற்றி அறிந்துகொள்ள ஏதேனும் உண்டா என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் மகிழ்ச்சி. காரோட்டும் இன்பம் வேகத்தில் இருப்பதாக ஓட்டத் தெரியாதவர்கள் நினைக்கிறார்கள். ஓட்டுகிறவர்களுக்கு அது கையிலும் காலிலும் இருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசிடரை எண்ணிப் பாருங்கள். பழைய அம்பாசிடரில் கியர்க்கோல் ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே இருந்தது. முன்னிருக்கை ஒரே பலகைபோல் நீண்டிருந்தது. ஓட்டுநரோடு சேர்த்து மூவர் தாராளமாக உட்காரலாம். சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயின் பிரீமியர் பத்மினி, இந்த அம்பாசிடர் ஆகிய மூன்றுமே பல ஆண்டுகள் தமிழகத்துச் சாலைகளில் ஓடின. 1983 டிசம்பரில் மாருதி வெளிவந்த பிறகுதான் நடுத்தர வீட்டு வாசல்களில் கார் நிற்கும் காட்சி மெல்லப் பெருகிற்று.

அந்தப் பழைய வண்டிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. மார்கழி விடியலில் சோக்கை எவ்வளவு இழுத்தால் எஞ்சின் எழும், எப்போது அதை உள்ளே தள்ள வேண்டும் என்பதை நூலிற் படித்துக் கற்க முடியாது. காதால்தான் கற்க வேண்டும். கிளட்ச் மிதியிலிருந்து இடக்காலை எடுக்கும்போது எஞ்சினின் சுழற்சி சக்கரத்தைத் தொடும் ஒரு நொடி உண்டு. கால் முந்தினால் வண்டி குலுங்கி அணையும். வலக்கால் ஆக்சிலேட்டரில் முந்தினால் எஞ்சின் வீணே அலறும். இரண்டும் சேர்ந்தால் நின்ற வண்டி நகர்ந்ததே தெரியாமல் நகரும். யாப்புப் பயிலும் இளைஞனுக்குத் தளை தட்டாத முதல் வெண்பா தரும் களிப்புக்கும், ஓட்டப் பயில்கிறவனுக்குக் குலுங்காத முதற்புறப்பாடு தரும் களிப்புக்கும் பெரிய வேறுபாடில்லை. சீர்களை எண்ணிக்கொண்டிருந்தவன் எண்ணுவதை மறக்கிறான். கால்களை எண்ணிக்கொண்டிருந்தவனும் அவ்வாறே மறக்கிறான்.

இந்த இன்பத்தின் முழு உருவைக் காண விழைவோர் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குச் செல்லலாம். வல்வில் ஓரி ஆண்ட மலை அது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நிற்கும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும்; வளைவுக்குள் சென்றபின் குறைப்பவன் தடுமாறுவான். பார்வை வண்டியின் மூக்கில் நிற்கலாகாது. சாலை எங்கே திரும்புகிறதோ அங்கே நிற்க வேண்டும். பத்தாம் வளைவில் அச்சமாக இருந்தது முப்பதாம் வளைவில் பழக்கமாகி, ஐம்பதாம் வளைவில் ஒருவகைத் தாளமாகிவிடுகிறது. கண்ணாடியை இறக்கிவிட்டால் மலைக்காற்று உள்ளே வரும். அப்போது மகிழுந்து என்னும் பெயர் முழுவதும் பொருந்தும்.

மலைப்பாதையில் ஒரு விதி உண்டு. இரு வண்டிகள் எதிரெதிரே வந்து, இரண்டும் கடக்க இடம் போதாவிட்டால், இறங்குகிறவன் நின்று ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும். சட்டத்திலும் இது இருக்கிறது. சட்டம் படிக்காத லாரி ஓட்டுநரின் உள்ளத்திலும் இருக்கிறது. இதன் காரணம் எளியது. ஏற்றத்தில் நின்றுவிட்ட வண்டியை மீண்டும் கிளப்புவது கடினம். பிரேக்கை விடும் கணத்தில் அது பின்னோக்கி நழுவும். யாருக்குச் சுமை மிகுதியோ அவருக்கே முன்னுரிமை என்பது இதன் உட்பொருள். அறநூல்கள் வலியுறுத்தும் ஓர் உண்மை, பாறையும் பள்ளமும் சூழ்ந்த ஒற்றைச் சாலையில் நாள்தோறும் யாரும் சொல்லாமலேயே நிறைவேறிக்கொண்டிருக்கிறது. நின்ற ஓட்டுநர் கையை உயர்த்துகிறார். ஏறிச் செல்கிறவரும் கையை உயர்த்துகிறார். இரண்டு நொடி நட்பு, பெயர்கூடத் தெரியாது. ஆயினும் அன்றைய பயணத்தில் நெஞ்சில் நிற்பது அதுவாகத்தான் இருக்கும்.

இனி எரிச்சலுக்கு வருவோம். இதில் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. வண்ணம் பூசாத வேகத்தடை இருளில் பதுங்கியிருந்து முதுகெலும்பை விசாரிக்கும். பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் சாலையின் நடுவில் பேருந்து நிற்கும். இடப்புறச் சந்திலிருந்து எவ்விதக் குறிப்பும் இன்றி ஓர் இருசக்கர வண்டி பாயும். சிவப்பு விளக்கு மாறிப் பச்சை முழுதாக ஒளிருமுன்பே பின்னால் நிற்பவர் ஒலிப்பானை அழுத்துவார். எதிரே வருகிறவர் முகப்பு விளக்கைத் தாழ்த்த மாட்டார். இது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கூசிய கண் தெளிய மூன்று நொடி ஆகுமென்றால், அந்த ஓட்டுநர் 50 மீட்டர் தூரம் குருடராகவே வண்டியைச் செலுத்துகிறார் என்று பொருள்.

நிறுத்த இடம் தேடும் துன்பம் தனி. பறம்புமலைப் பாரி, கொழுகொம்பின்றி வாடிய முல்லைக்குத் தன் தேரையே ஈந்து நடந்து சென்றதை நாம் கொடைக்குச் சான்றாகக் கொண்டாடுகிறோம். கடைத்தெருவில் நான்கு முறை சுற்றிவந்தும் காரை நிறுத்த இடம் காணாதவர், எங்கேனும் ஒரு முல்லைக்கொடி கிடைத்தால் இதை அதற்கே கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிடலாம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்வதற்கில்லை.

இந்த எரிச்சல்களுக்கெல்லாம் பொதுவான ஒரு வேர் உண்டு. காருக்குள் இருப்பவருக்கு வாய் இல்லை. கண்ணாடி ஏறியவுடன் அவர் சொல் வெளியே கேட்பதில்லை. அவர் முகம் எவர்க்கும் தெரிவதில்லை. நெரிசல் மிக்க திருவிழாக் கூட்டத்தில் தோளில் இடித்தவரும் இடிபட்டவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்; 'பார்த்துப் போங்க' என்கிறார்கள்; அத்துடன் முடிகிறது. சாலையில் அந்த முகங்கள் இல்லை. வெள்ளைக் காரும் நீலக் காரும்தான் உண்டு. வாசலுக்கு வந்தவரை 'வாங்க, வாங்க' என்று கைகூப்பி அழைக்கும் அதே மனிதர், நாற்சந்தியில் அவர்தாம் முன்னால் நிற்கிறார் என்பது தெரியாமல் ஒலிப்பானை அழுத்துகிறார். பன்னீருயிரும் பதினெண்மெய்யும் கொண்ட மொழிக்கு உரியவருக்குச் சாலையில் மிஞ்சியிருப்பது ஒரே ஓசை. வழி கேட்கவும் அது, எச்சரிக்கவும் அது, ஏசவும் அது, பொழுது போகாமையைத் தெரிவிக்கவும் அதுவே. ஓர் ஓசைக்கு இத்தனை பொருள் ஏற்றினால், கேட்கிறவர் அவற்றுள் மோசமானதையே எடுத்துக்கொள்வது இயல்பு.

இந்த இடத்தில்தான் அகநானூற்றின் நான்காம் பாட்டு நினைவுக்கு வருகிறது. பாடியவர் குறுங்குடி மருதனார். கார் தொடங்கிவிட்டது, தலைவன் திரும்பவில்லை, வருந்தும் தலைவியைத் தோழி ஆற்றுவிக்கிறாள். அவன் வந்துகொண்டிருக்கிறான் என்கிறாள். எப்படி வருகிறான் என்பதில்தான் புலவரின் உள்ளம் தெரிகிறது. பூத்த சோலைகளில் தம் துணையோடு தேனுண்டு தங்கும் வண்டுகள் தேர்மணியின் ஓசைக்குக் கலங்கிவிடும் என்று அஞ்சி, அவன் மணிகளின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான்.

அவனுக்கு இருந்த அவசரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சொன்ன பருவம் வந்துவிட்டது. ஒருத்தி காத்திருக்கிறாள். காட்டுப்பாதையில் மணியொலித்து விரைந்திருந்தால் அவனைக் குறைசொல்ல எவருமில்லை. வண்டுகள் வழக்குத் தொடுக்கப் போவதுமில்லை. ஆயினும் அவன் தேரை நிறுத்தி, மணிநாவைக் கட்டினான். தன் துணையை நாடி விரைகிறவன் பிறவுயிரின் துணையைப் பிரிக்கலாகாது என்று நினைத்தான். அந்த அன்பே அவன் வருவான் என்பதற்குத் தோழி காட்டும் சான்று. வண்டின் இணையைக் கலைக்க அஞ்சுகிறவன் தன் இணையை மறந்திருக்க மாட்டான் என்பதே அவள் சொல்லாமற் சொல்வது. ஒருவன் வண்டி செலுத்தும் முறையே அவன் நெஞ்சுக்குச் சாட்சி என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்ட மொழி இது.

இன்று மருத்துவமனைகள், கல்விக்கூடங்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வழிசெய்கின்றன. ஒலிப்பானுக்குக் குறுக்குக் கோடிட்ட பலகைகளும் நிற்கின்றன. அவற்றின் அடியிலேயே ஒலி முழங்குகிறது. விதி வந்தும் நாவைக் கட்டும் மனம் வரவில்லை. பலகையை நட்டுவிடலாம், வண்டுக்கு அஞ்சும் நெஞ்சை யார் நடுவது? அது பாட்டின் வேலை.

தேரைப் பாடியவர்கள் ஓட்டியவனையும் மறக்கவில்லை. அகநானூற்றின் 384ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவருடையது. அதில் தலைவன் தேரில் ஏறியதை மட்டுமே அறிவான். வழி கழிந்ததை அறியான். இறங்குமாறு பாகன் சொன்ன பிறகே ஊர் வந்துவிட்டதை உணர்கிறான். வியந்துபோய், குதிரைகளுக்கு மாற்றாகக் காற்றைத்தான் பூட்டி ஓட்டினானோ, தன் மனத்தையே குதிரையாக்கிப் பூட்டினானோ என்று பாகனைக் கேட்கிறான். அத்தோடு நில்லாமல் அவனைத் தழுவிக்கொண்டு, தன்னுடன் வீட்டுக்குள் அழைத்துச் செல்கிறான். தலைவி கணவனை மட்டும் பெறவில்லை, விருந்தினன் ஒருவனையும் பெற்றாள் என்று பாட்டு நிறைகிறது.

இப்பாட்டைப் படித்தவுடன் ஒரு திருமண மண்டபத்தின் வாசலை நினைத்துப் பார்க்கலாம். பின்னிரவில் ஐந்து மணி நேரம் கண் விழித்துக் குடும்பத்தைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநர், காரின் கதவைத் திறந்துவைத்து, இருக்கையைச் சாய்த்துப் படுத்திருப்பார். உள்ளே மூன்றாம் பந்தி முடிந்திருக்கும். 'டிரைவர் சாப்பிட்டாரா?' என்று யாரேனும் கேட்டால், 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விடை வரும். உறங்காத ஓட்டுநர் மாலையில் மீண்டும் அதே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அவருடைய பசியும் உறக்கமும் அந்தக் குடும்பத்தின் உயிரோடு பிணைந்தவை. மாசாத்தியாரின் தலைவன் பாகனை உள்ளே அழைத்தது நன்றியினால். இன்று அவ்வாறு அழைப்பது நன்றி மட்டுமன்று, அறிவும் ஆகும்.

காலப்போக்கில் பாகனும் தலைவனும் ஒருவரே ஆகிவிட்டனர். இன்று பெரும்பாலும் உரிமையாளரே ஓட்டுகிறார். விரையச் சொல்லும் நெஞ்சும் அவருடையதே. கடிவாளம் பிடிக்கும் கையும் அவருடையதே. தலைவன் விரைவை வேண்ட, பாகன் வழியை நோக்கி நிதானிக்க, இருவர்க்கும் இடையே ஒரு சமன்பாடு அன்று இருந்தது. இன்று அந்தச் சமன்பாட்டை ஒரே உள்ளம் தனக்குள்ளேயே கண்டாக வேண்டும். பல நேரங்களில் உள்ளிருக்கும் தலைவன் வென்றுவிடுகிறான், பாகன் வாய்மூடிக்கொள்கிறான். கைப்பேசி ஒலிக்கும்போது அதை எடுப்பவன் தலைவன். எடுக்காதே என்பவன் பாகன்.

பாகன் வாய்மூடினால் என்ன நேரும் என்பதையும் தமிழ் ஒரு கதையாக வைத்திருக்கிறது. திருவாரூர் வீதியில் சோழன் மகன் தேரூர்ந்து சென்றான். துள்ளி வந்த பசுங்கன்று சக்கரத்தில் சிக்கி இறந்தது. இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. அவன் கொடியவனுமல்லன். ஆயினும் தாய்ப்பசு அரண்மனைக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. சிலப்பதிகாரம் குறிப்பிட, பெரியபுராணம் விரித்துரைத்த வரலாறு இது. மன்னன் தந்த தண்டனையை இன்று எவரும் வேண்டார். ஆனால் அவன் கேட்ட கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. எதிர்பாராமல் நடந்தது என்னும் சொல்லோடு ஒரு தாயின் இழப்பு முடிந்துவிடுமா என்பதே அக்கேள்வி.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவ்வாண்டில் எல்லா மாநிலங்களையும்விட மிகுதியான விபத்துகள் நேர்ந்தது தமிழ்நாட்டில், எண்ணிக்கை 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இவற்றுள் ஒவ்வோர் எண்ணும் ஒரு கன்று. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மணி அசைந்திருக்கிறது. அடிபட்டவரைத் தூக்கினால் வழக்கில் சிக்க நேருமோ என்று தயங்கியோர்க்கு, 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றி மருத்துவம் அளிக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிற்று. மணியோசை அரசின் காதில் விழுந்திருக்கிறது என்பதற்கு இவை சான்று. ஆனால் இவை யாவும் கன்று விழுந்த பின்னர் நிகழ்பவை. விழுமுன் செய்யத்தக்கதைச் செய்யக் கூடியவர், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் ஒருவரே.

ஆக, தமிழில் இரண்டு மணிகள் உள்ளன. ஒன்று தேரில் கட்டிய மணி. இன்னொன்று அரண்மனை வாயிலில் தொங்கிய மணி. முதல் மணியை அடக்கத் தெரிந்தவனின் வழியில் இரண்டாம் மணி ஒலிக்கும் தேவை குறையும். காரோட்டும் மகிழ்ச்சியும் எரிச்சலும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. தன் கை, தன் கால், தன் வழி, எதிர்வருபவரின் சுமை ஆகியவற்றில் கவனம் நிற்கும்வரை ஓட்டுவது இன்பமாக இருக்கிறது. கவனம் பிறரின் குற்றத்துக்குத் தாவியவுடன் அது எரிச்சலாகிவிடுகிறது. சாலை மாறவில்லை, வண்டியும் மாறவில்லை. கொல்லிமலை வளைவில் கையுயர்த்தி வழிவிட்ட அதே மனிதர்தாம் நகரத்து நாற்சந்தியிலும் நிற்கிறார். மலையில் எதிரே வந்தவரின் முகத்தைப் பார்த்தார், இங்கே பார்க்கவில்லை.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோளோடு இவ்வுரை நிறைகிறது. முல்லைக்குத் தேர் கிடைத்தது போல நம் காலத்துக்குக் கார் கிடைத்திருக்கிறது. அதில் பிரிவு உண்டு, காத்திருப்பு உண்டு, இரவுப் பயணம் உண்டு, வைப்பர் துடைக்கத் துடைக்க வழியும் கார்காலத்து மழையும் உண்டு. வீட்டில் வாசலைப் பார்த்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வண்டி நிற்கும் ஓசை கேட்ட பிறகே அவர்களுக்கு மூச்சு சீராகிறது. தேர்மணியின் நாவைக் கட்டிய ஒரு கைக்காகக் குறுங்குடி மருதனார் ஒரு பாட்டு எழுதினார். ஒலிப்பானின்மீது சென்று, ஒரு கணம் தயங்கி, அழுத்தாமல் மீளும் ஒரு கைக்காகப் பாட்டெழுத இவ்வட்டத்தில் ஒரு கவிஞர் இல்லாமலா போவார்?